வேர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க விட்டவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்கும், அறிவியல் ஆசிரியருக்கும், ஆயா அம்மாவுக்கும், போதகர் ஐயாவுக்கும்,

என் மகள் இந்த வாரத்தோடு மழலையர் வகுப்பை முடிக்கிறாள். விழா மேடையில் பெற்றோர் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன். அன்று சொல்ல வந்ததை எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவரை விதைகளைச் செருகி ஜன்னலோரம் வைத்தீர்கள். சில நாளில் வேர் எட்டிப் பார்த்தது. விதையை நேராகச் செருகினாலும் தலைகீழாகச் செருகினாலும் வேர் கீழ்நோக்கியே போனது. அப்போதுதான் என் மகள், "பாட்டிலைப் படுக்க வைத்தால் வேர் எங்கே போகும்?" என்று கேட்டிருக்கிறாள்.

பதிலை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நீங்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்றீர்கள். "பாட்டில் பார்க்கிற பக்கமே போகும்" என்று அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதிவிட்டுப் பாட்டிலைப் படுக்க வைத்தீர்கள். மறுநாள் காலையில் வேரின் நுனி முழங்கையைப் போல மடங்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பலகையில் இருந்ததை யாரும் அழிக்கவும் இல்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த வரிக்குக் கீழே மடங்கிய வேரை வரைந்தாளாம். ஐந்து வயதில், தான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்று அழாமல் வரைந்து வைத்திருக்கிறாள். இதற்காகவே உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அறிவியல் ஆசிரியர் ஐயா, பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் நீங்கள் உங்கள் ஓய்வு நேரத்தில் இந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தீர்கள். வேரின் நுனியில் உள்ள சில செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. செடி சாய்ந்தால் அவை புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படிகின்றன. கீழே எது என்று வேருக்குத் தெரிவது அதனால்தான். இதை ஒரு வார்த்தைகூடக் கடினமாகச் சொல்லாமல், தெளிவான டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுச் சாய்த்துக் காட்டினீர்கள். என் மகள் வீட்டிலும் டப்பாவைச் சாய்த்துச் சாய்த்து எங்களுக்கு வகுப்பு எடுத்தாள்.

ஆயா அம்மா, ஒரு பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிட்டது. கழுவி வைப்பதுதான் உங்கள் வேலை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கிப் போட்டு, கைக்கு எட்டாத தட்டில் தனியே எடுத்து வைத்தீர்கள். சாம்பல் நிற மெத்தை நாளுக்கு நாள் எப்படிப் பரவுகிறது என்பதை அவர்கள் பார்த்தது உங்களால்தான்.

என் மூத்த மகன் வேறொரு பள்ளியில் இதே வயதில் செடியின் பாகங்களைப் படித்தான். படத்தைப் பார்த்து எழுதினான், மனப்பாடம் செய்தான், முழு மதிப்பெண் வாங்கினான். ஒரு விதையைக்கூட அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் போதகர் ஐயா. காலை ஜெப வேளையில் ஒரு பிள்ளை, "வேருக்குக் கீழே எதுன்னு சொன்னது கடவுளா, அந்த மாவுமணியா?" என்று கேட்டதாம். நீங்கள் அதட்டவில்லை. லுத்தரன் போதகராக வேண்டும் என்று இறையியல் படித்து, பிறகு வானியல் பக்கம் போன கெப்ளரின் கதையைச் சொன்னீர்கள். பனித்துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு மூலை என்று அவர் 1611-இல் ஒரு நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகவே சின்ன நூல் எழுதினார். முடிவான விடை அவருக்குக் கிடைக்கவில்லை; அதை மறைக்காமல் பின்னால் வருபவர்களுக்கு விட்டுவைத்தார். எக்ஸ் கதிர்களால் பனித்துகள் போன்ற படிகங்களின் உள்ளமைப்பை அறிய வழி பிறந்தது 1912-இல், முந்நூறு ஆண்டுகள் கழித்து. கடவுளைத் தேடுவதும் காரணத்தைத் தேடுவதும் ஒரே மனதில் இருக்க முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினீர்கள்.

உங்கள் கதையைக் கேட்டபின், மார்ட்டின் லுத்தர் கேள்வியும் பதிலுமாக எழுதிய வேதபாட நூலான சிறிய ஞானோபதேசத்தை மறுபடி எடுத்தேன். 1529-இல் வீட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதப்பட்டது. பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு கேள்வி வரும். "இதற்கு அர்த்தம் என்ன?" என்று நாங்கள் சிறுவயதில் ஒப்பித்திருக்கிறோம். ஜெர்மன் மூலத்தில் அது இன்னும் எளிது: "இது என்ன?" ஜன்னலோரப் பாட்டிலைக் காட்டி என் மகள் கேட்டதும் அதே இரண்டு சொற்கள்தான்.

பாட்டில்கள் கொடுத்த பெற்றோருக்கும், முற்றத்தில் பிள்ளைகள் நிழலை அளந்து போட்ட சாக்பீஸ் கோடுகளை மாலைவரை மிதிபடாமல் காத்த காவலாளி அண்ணனுக்கும் நன்றி.

வகுப்பின் பூதக்கண்ணாடி ஒன்று என் மகளின் பையிலேயே வந்துவிட்டது. இப்போது அதை வைத்து எறும்பின் காலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை கட்டாயம் கொடுத்தனுப்புகிறேன்.

நன்றியுடன்,
ஒரு மாணவியின் தாய்