எரிந்தது யாருடைய நூலகம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் நூல்களை எரித்ததைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடைசெய்யப்பட்ட எழுத்தாளர்களை வரிசையாகச் சொன்ன கட்டுரையாளர், அந்தத் தீயில் போன ஆயிரக்கணக்கான நூல்கள் எங்கிருந்து அள்ளி வரப்பட்டன என்பதை மட்டும் விட்டுவிட்டார். அவற்றில் பல, மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-இல் தொடங்கிய பாலியல் அறிவியல் நிறுவனத்தின் நூல்கள். நான்கு நாள் முன்னதாக, மே 6 அன்று, மாணவர் கூட்டமொன்று அங்கே புகுந்து சூறையாடியது. பிறகு ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையையும் கழியில் செருகி, ஊர்வலமாகத் தூக்கிச் சென்று நெருப்பில் எறிந்தார்கள்.

அந்த நிறுவனத்தில் ஆய்வு மட்டும் நடக்கவில்லை. கருத்தடை, பால்வினை நோய், மணவாழ்க்கை பற்றி நேரில் கேட்கக் கூசியவர்கள், பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். மருத்துவர்கள் கூட்டத்தின் முன்னால் விடை சொல்வார்கள். மனப்போக்கு மாறுவதற்குத் தடித்த ஆய்வு நூல்களைவிட அந்தப் பெட்டி அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவை நீக்கக் கோரி 1897 முதல் ஹிர்ஷ்ஃபெல்ட் கையெழுத்துத் திரட்டினார். அந்த மனுவில் கையெழுத்திட்டு, 1898-இல் நாடாளுமன்றத்தில் அதற்காகப் பேசியவர் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபெல். 1929-இல் நாடாளுமன்றக் குழுவொன்று அப்பிரிவை நீக்க வாக்களித்தும், அது சட்டமாகவில்லை. 1935-இல் நாஜிகள் அதை மேலும் கடுமையாக்கினார்கள். முற்றிலும் நீங்கியது 1994-இல்தான். யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டுவாதத்தை ஹிர்ஷ்ஃபெல்டும் ஓரளவு ஏற்றிருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை; அதற்காக அவர் செய்த பணியைப் பேசாமல் விடவும் கூடாது.

சென்ற ஆண்டு மகளைப் பார்க்க பெர்லின் போயிருந்தபோது, நூல்கள் எரிந்த சதுக்கத்தில் நின்றேன். அதற்கு இன்று பேபெலின் பெயர்தான். அந்த எரிப்பின் நினைவாகத் தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால், கீழே நூலொன்றும் இல்லாத வெள்ளை அலமாரிகள் தெரிகின்றன. உலகப் பயணம் போய் நாடு திரும்ப முடியாமற்போன ஹிர்ஷ்ஃபெல்ட், தம் நூல்கள் எரிவதைப் பாரிசில் ஒரு திரையரங்கின் செய்திப்படத்தில்தான் பார்த்தார். 1935 மே 14 அன்று, தம் அறுபத்தேழாம் பிறந்தநாளில், பிரான்சின் நீஸ் நகரில் காலமானார்.

பாலியல் என்ற சொல்லுக்குக் கூசி இந்தப் பகுதி விடப்பட்டிருக்குமோ என்று ஐயுறுகிறேன். அடுத்த இதழில் இதைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.