மழை விழாத மண்ணுக்கு ஒரு சோதனை கேட்கிறோம்

பாலிஹவுஸ் (பாலித்தீன் ஷீட் கூரை போட்ட பயிர்க் கூடாரம்) மானியத்தைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்கலை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, அரை ஏக்கர் பாலிஹவுஸில் குடமிளகாய் போடுகிறவன் எழுதுகிறேன். இதையே கன்னடத்தில் மனுவாக இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். தமிழ் பேசுகிற விவசாயிகள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறோம், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்போது தமிழில் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நல்லபடியாகத்தான் பேசினார்கள், அதில் குறை இல்லை. ஆனால் இலை ஓரமெல்லாம் கருகி நிற்கிற செடியைக் காட்டினால், வாசலில் நின்றபடியே "ஜிப்சம் போடுங்க, அடுத்த பயிருக்கு முன்னாடி ஃபார்மலின் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு பிடி மண் எடுக்கவில்லை. போர்வெல் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பாலிஹவுஸுக்கு மானியம் ஒப்புக்கொள்வதற்கு முன்னாலும், அப்புறம் ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும், மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துச் சோதித்து, பத்து நாளில் முடிவைக் கையில் கொடுங்கள்.

வெளி வயலுக்கும் எங்கள் கூடாரத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே வருஷத்துக்கு ஒரு மழைக்காலம் வந்து மண்ணில் தங்கிய உப்பை அடியில் இறக்கிவிடும். எங்கள் மண்ணில் ஒரு சொட்டு மழை விழாது. போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்பும், நாங்கள் கரைத்து விடுகிற உரத்தின் உப்பும், பயிர் குடித்தது போக அப்படியே பாத்தியில் தங்குகிறது. குடமிளகாய்க்கு மண் சாற்றில் ஈசி (மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பைச் சொல்லும் அளவு) 1.5 தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 14 சதவீதம் போகும். நானே பணம் கட்டி ஒரு தனியார் லேபில் பார்த்தேன். என் மண்ணில் 3.1. தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட் என்கிற உப்பும் அதிகம்.

அந்த பைகார்பனேட் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். சொட்டுநீர்க் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிந்து டிரிப்பரை அடைத்துவிடுகிறது. எங்களுடையது குழாய்க்குள்ளேயே டிரிப்பர் வைத்த வகை, கழற்றிச் சுத்தம் செய்ய வழியில்லை. 5,000 செடியில் எதற்குத் தண்ணீர் போகிறது, எதற்குப் போகவில்லை என்று என் மனைவி விடிகாலையில் பாத்தி பாத்தியாகக் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்த இடத்தில் குச்சி நட்டு, அப்புறம் குடத்தில் மொண்டு ஊற்றுகிறாள். சொட்டுநீர் போட்ட பண்ணையில் குடத்தில் தண்ணீர்! பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது, அவ்வளவு வெக்கை, அதற்குள் முடித்தாக வேண்டும். போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டாள். அந்த மூன்று நாளில் காய்ந்த செடிகளுக்கு நாலாம் நாள் நிறைய ஊற்றினோம். மண் ஈரமாவதும் காய்வதும் மாறி மாறி வந்தால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். அப்படித்தான் ஆனது. வியாபாரி ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாதிப் பெட்டியைத் தனியே ஒதுக்கி வைத்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை.

தண்ணீரை முதலிலேயே சோதித்திருந்தால், பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ அளவாகச் சேர்த்து தண்ணீரின் பிஎச்சை (அமில-கார அளவை) ஆறு, ஆறரைக்குக் கொண்டுவந்திருப்போம். பைகார்பனேட்டுக்கு மருந்து அதுதான். ஜிப்சம் சோடியம் ஏறிய மண்ணுக்கான வைத்தியம், அதிலும் போட்ட பிறகு நல்ல தண்ணீர் விட்டு உப்பை அடியில் கழுவி இறக்க வேண்டும். என் மண்ணில் சோடியம் எவ்வளவு என்று பார்க்காமலே மூட்டை மூட்டையாகப் போடச் சொல்வது எப்படிச் சரியாகும்? மண்ணில் கிருமி கொல்ல ஊற்றுகிற ஃபார்மலினும் அப்படித்தான். பூஞ்சைக்கு ஊற்றினால் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகும், உப்பு ஒரு கிராம் குறையாது. வெயில் காலத்தில் ஈர மண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீனை நாலு முதல் ஆறு வாரம் மூடி வைத்தாலே நிறைய நோய் அடங்கும். அப்புறம் தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா என்கிற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்து, வேப்பம் புண்ணாக்கோடு இடலாம். இதை எங்களுக்குச் சொல்ல ஆள் வர வேண்டும், வந்தவர் அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

வயல் மண்ணைச் சோதித்து அரசு கொடுக்கிற மண் வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். 2015இல் அந்தத் திட்டம் வந்தபோது சந்தோஷப்பட்டவன் நான். அதில் 12 அளவுகள் உண்டு, தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் எடுத்தது. அதில் என் அரை ஏக்கர் கூடாரம் எங்கே தெரியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 2024 கோடையில் இந்த ஊர் முழுக்க டேங்கருக்கு அலைந்ததே, அப்போது எங்கள் போர்வெல்லும் இறங்கியது. இங்கே வருஷத்துக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை. என் கூரை 2,000 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 19 லட்சம் லிட்டர் கூரையிலிருந்து வழிந்து ஓடுகிறது. 15 லட்சம் பிடித்தால்கூட, நாளுக்கு 6,000 லிட்டர் வீதம் 250 நாளுக்கு வரும். உப்பில்லாத தண்ணீர், மண்ணைக் கழுவவும் அதுதான் தேவை. கிருஷி ஹொண்டாவும் (மழைநீர் பிடிக்கும் பண்ணைக் குட்டை) பாலிஹவுஸும் ஏன் ஒரே மனுவில் சேர்ந்து வரக்கூடாது? கம்பிக்கும் ஷீட்டுக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால் எத்தனை கூடாரம் இன்று கிழிந்து தொங்காமல் பயிரோடு நின்றிருக்கும்!

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டது அதேதான்: மண்ணும் தண்ணீரும் சேர்ந்த சோதனை, நடவுக்கு முன்னால், பத்து நாளில். அடுத்த நாற்றுக்கு இந்த மாதக் கடைசியில் முன்பணம் கட்ட வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கிலோ மண்ணும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்த நாள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடமிளகாய் விவசாயி