எங்கள் சேலைக் கடையின் இணையத்தளம் கூகுளில் காணாமற்போனது பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஜூன் 10

பணிப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: பெப்ரவரியில் எங்களிடம் ஒப்படைத்த இணையத்தளத்தைத் திருத்தித் தருதல்

மதிப்புக்குரிய ஐயா,

மே மாதம் ஒரு ஞாயிறு இரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் போன் எடுத்தா. மூத்த மகளுக்குக் கூறைச் சேலை எங்களிடம்தான் எடுத்தவ. இளையவளுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். சுகம் விசாரிக்க முன்னமே கேட்டா: "தம்பி, கடையைப் பூட்டிப் போட்டியளோ? கூகுளிலை எவ்வளவு தேடியும் வரேல்லை."

கடை காலி வீதியில் இருபத்தாறு வருடமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. 385,000 ரூபா வாங்கிக்கொண்டு நீங்கள் செய்து தந்த இணையத்தளத்தைத்தான் காணவில்லை.

முன்பு எங்களிடம் இருந்தது 2014இல் என் பெறாமகள் பள்ளி விடுமுறையில் செய்து தந்தது. வெள்ளைப் பின்னணி, சேலையின் படம், கீழே நாலு வரி: என்ன பட்டு, என்ன கரை, எத்தனை முழம், விலை எவ்வளவு. அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் "கூறைச் சேலை கொழும்பு" என்று தமிழில் தேடினாலும் ஆங்கில எழுத்தில் தேடினாலும் முதற்பக்கத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் நிற்கும். ஆடியில் யாரும் கலியாணம் வைப்பதில்லை. ஆவணிக் கலியாணத்துக்கு உடுப்பு எடுப்பது அதற்கு முன்னம்தான். ஏப்ரலிலிருந்தே கனடா, லண்டன், சுவிஸ் என்று நாளுக்கு நாலைந்து வட்ஸ்அப் வரும். இந்த வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வந்தவை ஒன்பது. அதில் ஆறு பேர் எங்கள் நம்பர் ஏற்கெனவே கையில் உள்ளவர்கள்.

உங்கள் அலுவலகத்தின் பெரிய திரையில் பார்த்தபோது நானும் மயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. இருட்டில் ஒரு குத்துவிளக்கு, வீணை, பிறகு அரக்குப் பட்டு மடிப்பு மடிப்பாக விரிகிறது. நடுவில் "உள்ளே வாருங்கள்" என்று ஒரு பொத்தான். என் மனைவி கண் கலங்கினா. மிச்சப் பணத்துக்குக் காசோலை எழுதியது அன்று பின்னேரம்தான்.

அந்தப் பொத்தானில்தான் முதல் பிழை. என் பெறாமகள் இப்போது மென்பொருள் வேலை செய்கிறாள். அவள் வந்து, கூகுளில் "சைட்" என்று போட்டு முக்காற்புள்ளி வைத்து எங்கள் முகவரியைத் தட்டினாள். எங்கள் தளத்தில் எந்தெந்தப் பக்கம் கூகுளிடம் இருக்கிறது என்று அது காட்டுமாம். முன்பு அறுபதுக்கு மேல் பக்கங்கள் வந்த இடத்தில் ஒன்றே ஒன்று வந்தது. அதன் தலைப்பு "ஹோம்". விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் "லோடிங் 0%". கடையின் பெயர்கூட இல்லை.

ஏன் என்று அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் உங்கள் பொறியியலாளர் எழுத்தில் மறுக்கட்டும். பக்கங்களைப் படித்துப் பட்டியலிட கூகுள் அனுப்பும் நிரல், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும், ஆனால் மனிதரைப்போல் பொத்தானை அழுத்தாது. நீங்களோ சேலை விபரம் முழுவதையும் பொத்தானை அழுத்திய பிறகுதான் வரவழைக்கிறீர்கள். கூகுளின் நிரல் வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உள்ளே போனாலும் ஒவ்வொரு சேலைக்கும் தனி முகவரி கிடையாது. எல்லாம் ஒரே முகவரியும் அதன் பின்னால் ஒரு ஹாஷ் (#) குறியும். அந்தக் குறிக்குப் பின்னால் உள்ளதைக் கூகுள் வேறு பக்கமாக எண்ணுவதில்லை.

தமிழ் எழுத்துகளுக்கு நடந்தது இன்னும் மோசம். வாசகங்களை நான் தேடினால் கிடைக்கும் பொதுத் தமிழ் எழுத்துமுறையான யூனிகோட்டில் தட்டி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். உங்கள் வடிவமைப்பாளர் தலைப்புகளை எழுத்து எழுத்தாக மேலிருந்து விழ வைக்க முயன்றிருக்கிறார். ஆங்கிலத்தில் அது நடக்கும். தமிழில் "சேலை" என்பதை அப்படி வெட்டினால் இரட்டைக்கொம்பு ஒருபக்கம், சகரம் ஒருபக்கம், நடுவில் புள்ளிபோட்ட வெறும் வட்டம். மார்ச்சில் அதன் படத்தை நானே உங்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் சரியாக்கினீர்கள். எப்படிச் சரியாக்கினீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது: எல்லாத் தமிழ் வாசகத்தையும் படமாக்கி ஒட்டிவிட்டீர்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும் மாற்று வாசகமும் அந்தப் படங்களுக்குக் கொடுக்கவில்லை. சொல் சொல்லாக அசைத்திருந்தாலே போதுமாம். தமிழ் படமாகாமல் எழுத்தாகவே இருந்திருக்கும். யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துரு காலத்தில் திரையில் தமிழ் தெரியும், தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அந்தத் தொல்லையிலிருந்து தப்பி வந்தவர்களைத் திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள்.

பழைய பக்கங்களின் முகவரிகளும் போய்விட்டன. கலியாணக் குழுக்களில், வட்ஸ்அப்பில், பேஸ்புக்கில் பத்து வருடமாக ஆட்கள் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் இப்போது "பக்கம் இல்லை" என்கின்றன. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்ற நிரந்தர வழிமாற்றை வைத்திருந்தால் வாடிக்கையாளரும் வந்திருப்பார், கூகுளும் வந்திருக்கும். கடை இடம் மாறினால் பழைய கதவில் ஒரு துண்டாவது ஒட்டிவிட்டுத்தான் போவோம்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. முக்கியமான படமோ வாசகமோ 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று என் உதவியாளரின் சாதாரண போனில் திறந்து பார்த்தேன்: பட்டு விரியத் தொடங்க 14 செக்கன். அவன் தன் டேட்டா போச்சு என்று முணுமுணுத்தான். வேகம் ஒன்றுதான் காரணம் என்று நான் வாதாடவில்லை. விடயம் பொருந்தினால் மெதுவான பக்கமும் தேடலில் மேலே வரலாம். எங்கள் பக்கத்திலோ பொருந்துவதற்கு ஒரு சொல்லுமே இல்லை.

ஏப்ரலில் முறையிட்டபோது "கூகுளுக்கு நேரம் எடுக்கும்" என்றீர்கள். மே மாதம் முறையிட்டதற்கு ஒரு விலைமனு வந்தது: எஸ்.இ.ஓ. பெக்கேஜ் (தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையாம்), மாதம் 45,000 ரூபா, முதலாம் இடம் உத்தரவாதம். முதலாம் இடத்தை யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நான் அதைக் கேட்கவும் இல்லை. வாசல் இல்லாமல் வீட்டைக் கட்டித் தந்துவிட்டு, வாசல் வேண்டுமென்றால் மாத வாடகை என்கிறீர்கள்.

எனக்கு இது இரண்டாம் அனுபவம். 2009இல் அப்பா, அசையும் படங்களுக்கான ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஒரு தளம் செய்வித்தார். அதிலும் ஒரு விளக்கு சுற்றியது. ஐபோன் ஒருநாளும் அதைக் காட்டவில்லை. கடைசியில் அடோபி நிறுவனமே 2020 முடிவோடு ஃபிளாஷைக் கைவிட்டது. விளக்கு என்றாலே இப்போது எனக்குப் பயம்.

ஆனாலும் பட்டு விரியும் காட்சியை எடுத்துவிடச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது இருக்கட்டும், மனைவிக்குப் பிடித்திருக்கிறது, வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். முகப்பின் மேற்பகுதியில், சத்தமில்லாமல், முதலில் ஒரு சிறிய படம் வந்து பின்னர் ஓடட்டும். பொத்தான் வேண்டாம். கீழே கடையின் பெயர், இடம், சேலை வகைகள் எல்லாம் உண்மையான எழுத்தாக இருக்கட்டும். ஒவ்வொரு சேலைக்கும் தனி முகவரியும் தலைப்பும் வேண்டும். பழைய அறுபது முகவரிகளின் பட்டியலை என் பெறாமகள் இத்துடன் இணைத்திருக்கிறாள். அவற்றுக்கு வழிமாற்று வையுங்கள், ஆகக் குறைந்தது ஒரு வருடமாவது அது இருக்க வேண்டும். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேர்ச் கன்சோல் உங்கள் ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அதன் உரிமையை இந்த வாரமே எங்களுக்கு மாற்றுங்கள். கேட்டு இரண்டு மாதமாகிறது.

இவற்றை மேலதிகக் கட்டணம் இல்லாமல் ஜூன் 30க்கு முன் செய்து தர வேண்டும். முடியாவிட்டால் இரண்டாம் தவணையான 192,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். பழைய தளத்தையே திரும்ப ஏற்றிக்கொள்கிறோம், அதன் பிரதி எங்களிடம் இருக்கிறது. எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை ஜூன் 20க்குள் எழுத்தில் அறியத் தாருங்கள். போனில் பேசியது போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

பி.கு.: ரொறன்ரோ அக்காவுக்குப் படங்களை நானே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரக்கு வேண்டாமாம், மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை எடுத்திருக்கிறா.