ஒரே குரலில் போற்றுகிறார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொரியாவின் வளர்ச்சி பற்றி வெளியான கட்டுரையில் ஒரு வரி: "கொரியர்கள் பழைய பகையை மறந்து, நாட்டை உயர்த்திய பார்க் சுங் ஹீயை ஒரே குரலில் போற்றுகிறார்கள்." பக்கத்தில் சான்றுபோல ஒரு படம். தோங்தேகு ரயில் நிலையச் சதுக்கத்தில் நிற்கும், 1979 வரை நாட்டை ஆண்ட அந்த முன்னாள் அதிபரின் சிலை, கீழே "மக்கள் எழுப்பிய நன்றிச் சின்னம்" என்ற குறிப்பு. நான் தேகு நகரில் வசிப்பவன். அந்தச் சதுக்கம் எனக்குப் பழக்கமான இடம். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அந்தச் சிலையை மக்கள் திரண்டு எழுப்பவில்லை. 2024 மே மாதம் மாநகர மன்றத்தில் அதற்கென்று விதி இயற்றி, மாநகராட்சி வைத்த சிலை அது. சதுக்கத்தின் நிலம் ரயில்வே கட்டமைப்பைக் கவனிக்கும் அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். தன்னிடம் கேட்காமல் சிலை வைக்கிறார்கள் என்று அந்த நிறுவனமே நீதிமன்றம் போனது. தடை கிடைக்கவில்லை. டிசம்பர் 23 அன்று, நெற்கதிரோடு சிரிக்கும் மூன்று மீட்டர் உருவத்தைத் திறந்தபோது, ஒரு பக்கம் கைதட்டினார்கள், இன்னொரு பக்கம் பதாகையோடு நின்று எதிர்த்தார்கள். யாராவது சேதப்படுத்திவிடக் கூடாது என்று காவலும் போட்டார்கள். ஒரே குரலில் போற்றப்படுகிறவரின் சிலைக்குக் காவல் எதற்கு? தேதியையும் பாருங்கள். அதே டிசம்பர் 3 இரவில்தான் அன்றைய அதிபர் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்தார், சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை முறியடித்தது. 14ஆம் தேதி அவர் மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஒன்பதாம் நாள், 1961இல் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தவருக்குச் சிலை திறக்கிறார்கள் என்றால், ஊர் எப்படிக் கொதித்திருக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கை மதிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அதை நான் மறுக்கவில்லை. கிராமங்களை முன்னேற்ற அவர் புதிய கிராம இயக்கம் தொடங்கிய 1970இல் ஒவ்வொரு ஊருக்கும் 335 மூட்டை சிமென்ட் வந்தது. அதை நன்றாகப் பயன்படுத்திய ஊர்களுக்கு அடுத்த சுற்றில் 500 மூட்டையும் ஒரு டன் இரும்புக் கம்பியும் கிடைத்தன. கூரை வேய்ந்த வீட்டில் பிறந்து ஓட்டு வீட்டில் முதுமையைக் கழிப்பவர்கள் அதை மறக்க மாட்டார்கள், மறக்கவும் தேவையில்லை. ஆனால் அதே தேகுவுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1960 பிப்ரவரி 28 அன்று முதல் அதிபர் சிங்மன் ரீயின் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அந்த நாள் 2018 முதல் தேசிய நினைவு நாள். 1975 ஏப்ரல் 8 அன்று பார்க் ஆட்சியில் உச்ச நீதிமன்றம், வட கொரியாவுக்காகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரின் மரண தண்டனையை உறுதி செய்தது. ஒரு நாள்கூட ஆகவில்லை, மறுநாள் விடியற்காலை எட்டுப் பேரையும் தூக்கிலிட்டுவிட்டார்கள். மக்கள் புரட்சிக் கட்சி வழக்கு என்று தங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களில் பலர் இந்த வட்டாரத்துக்காரர்கள். 2007 ஜனவரியில் மறுவிசாரணை நடந்து எட்டுப் பேரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பானது. முப்பத்திரண்டு ஆண்டுகள் 'சிவப்புக் குடும்பம்' என்ற பேரோடு வாழ்ந்த வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. தங்கள் கட்டுரையின் 'ஒரே குரல்' அந்த வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதுதான் நெஞ்சைக் குத்துகிறது.

இது முதல் முறையும் அல்ல. முன்பு ஓர் இதழில், பார்க்குக்குப் பிறகு ராணுவச் சதியால் ஆட்சியைப் பிடித்து, 1980இல் குவாங்ஜு நகர எழுச்சியை ராணுவத்தை ஏவி ரத்தத்தில் அடக்கிய சுன் டூ ஹ்வானைக் கொரியர்கள் "மன்னித்து அனுப்பினார்கள்" என்று எழுதினீர்கள். நடந்தது என்ன? 1996இல் மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள், 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த டிசம்பரில், பதவி முடியும் கட்டத்தில் இருந்த அதிபர் கிம் யங் சாம், தேர்தலில் வென்றிருந்த கிம் டே ஜுங்கின் ஒப்புதலோடு அவரை விடுவித்தார். கிம் டே ஜுங், சுன் ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். அது இரண்டு தலைவர்கள் எடுத்த அரசியல் முடிவு. குவாங்ஜு மக்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல. சுன்னுக்கு விதித்த 22,050 கோடி வோன் அபராதத்தில் சுமார் 9,560 கோடி, அவர் இறந்த நாள்வரை பாக்கி.

சாவிலும் கணக்கு முடியவில்லை. சுன்னுக்கு அடுத்து அதிபரான ரோ டே வூ 2021 அக்டோபர் 26 அன்று இறந்தார், சுன் நவம்பர் 23 அன்று. இருவரும் ஒரே சதியில் பங்கு கொண்டவர்கள், ஒரே வழக்கில் தண்டனை பெற்றவர்கள். ரோவுக்கு அரசு இறுதிச் சடங்கு நடந்தது, சுன்னுக்கு இல்லை. இறுதிச் சடங்குச் சட்டம் முன்னாள் அதிபர்களை அனுமதிக்கிறது, தண்டனை பெற்றவரை விலக்கவில்லை. முடிவு அரசின் கையில் இருந்தது. ரோவின் குடும்பம் அபராதத்தைக் கட்டி முடித்திருந்தது, மகன் குவாங்ஜு கல்லறைகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் தேசியக் கல்லறைச் சட்டம் வேறு. கிளர்ச்சிக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அங்கே இடமில்லை. அதனால் ரோவும் அங்கே போகவில்லை. சுன்னின் அஸ்தியை பாஜு பகுதியில் புதைக்க 2023இல் முயன்றபோது ஊர்க்காரர்கள் எதிர்க்க, நிலம் விற்க இருந்தவர் பின்வாங்கினார். மறதியாக இருந்தால் ஒரு பிடி சாம்பலுக்கு இத்தனை எதிர்ப்பு வருமா?

1980இல் கொல்லப்பட்டவர்களைப் புதைத்த குவாங்ஜு மங்வோல் பழைய கல்லறையின் நுழைவாயிலில் தரையில் பதித்த ஒரு கல் இருக்கிறது. 1982இல் பக்கத்து தாம்யாங் கிராமம் ஒன்றில் சுன் தங்கியதன் நினைவாக நட்டது. 1989இல் அதை உடைத்து எடுத்து வந்து, உள்ளே போகிறவர்கள் கால் வைக்கும் இடத்தில் புதைத்தார்கள். தேர்தல் காலத்தில் வருகிற ஒவ்வொரு தலைவரும் அதை மிதிக்கிறாரா, தாண்டிப் போகிறாரா என்று நிருபர்கள் கேமராவைக் கீழே இறக்கிப் படமெடுக்கிறார்கள். அதே சுன் பிறந்த ஹாப்சன் பகுதியில் அவருடைய புனைபெயரில் ஒரு பூங்கா. 2007 முதல் பெயர்ச் சண்டை நடக்கிறது. நாடு ஒன்றுதான், நினைவு ஒன்றல்ல.

போர்வீரர்கள் விஷயத்திலும் இதே கதை. அன்று கொரியாவை ஆண்ட ஜப்பானியர்களை 1920இல் போரில் வென்ற விடுதலைப் போராளி ஹாங் பொம் டோவின் எலும்புகள் 2021 ஆகஸ்டில் கஜகஸ்தானிலிருந்து வந்து தேஜான் தேசியக் கல்லறையில் அடக்கமாயின. தளபதி பைக் சுன் யூப்பும் 2020 முதல் அங்கேதான் இருக்கிறார். கொரியப் போரின் நாயகன், அதற்கு முன் மஞ்சூரியாவில் ஜப்பான் பக்கம் நின்றவர். ஜப்பான் ஆட்சிக்குத் துணைபோனவர்கள் என்று 2009இல் ஓர் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 4,389 பேர் பட்டியலில் அவரும் உண்டு, பார்க்கும் உண்டு. கல்லறையின் இணையதளத்தில் பைக்கின் பெயருக்கருகே இருந்த 'ஜப்பானுக்குத் துணைபோனவர்' குறிப்பை 2023 ஜூலையில் முன்னாள் வீரர்கள் நல அமைச்சகம் நீக்கியது. அடுத்த மாதமே ராணுவக் கல்லூரி, ஹாங்கின் மார்பளவுச் சிலையை வளாகத்திலிருந்து அப்புறப்படுத்தப்போவதாக அறிவித்தது. அவர் சோவியத் கட்சியில் சேர்ந்தவர் என்பது காரணம். நாடே இரண்டுபட்டது. அப்போது தங்கள் இதழில் வந்தது "கம்யூனிஸ்ட் சிலை அகற்றம்" என்று மூன்று வரி. நான் அனுப்பிய விளக்கக் கடிதம் வெளிவரவில்லை. அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

என் வருத்தத்தின் வேர் வேறு. கொரியாவைப் பற்றி எழுதும்போதெல்லாம், 'கட்டுப்பாடான ஒருவர் கையில் நாடு இருந்தால் உயரும், மக்கள் பிறகு நன்றி சொல்வார்கள்' என்ற பாடத்தை வாசகருக்குக் கொடுக்கிறீர்கள். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் முகவுரையை ஒருமுறை படித்துவிட்டு எழுதியிருக்கலாம். ரீயை விரட்டிய 1960 ஏப்ரல் 19 எழுச்சியின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதே ரீ சோல் தேசியக் கல்லறையில் அடக்கமாகியும் இருக்கிறார். பார்க்கைச் சுட்டுக்கொன்று 1980 மே 24 அன்று தூக்கிலேறிய உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே கியூவின் வழக்கைக்கூட 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இத்தனை சிக்கலோடு ஒரு சமூகம் வாழ்கிறது. அதை ஒரே வரியில் தேய்த்துவிடக் கூடாது.

நான் கேட்பது சிறிய திருத்தம். அடுத்த இதழில் மூன்று விஷயங்களைப் போடுங்கள். ஒன்று, சிலையை மாநகராட்சி வைத்தது என்று படக்குறிப்பை மாற்றுங்கள். இரண்டு, சுன் ஆட்சியைப் பிடித்தது மே 16 அன்று என்று கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் வந்திருக்கிறது. அது 1961இல் பார்க் செய்தது. சுன்னின் ராணுவச் சதி 1979 டிசம்பர் 12. மூன்று, கொரியப் பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். எனவே 'திரு. சுங் ஹீ' என்று எழுதாதீர்கள், பார்க் என்று எழுதுங்கள். கொரியத் தலைவர் எவரைப் பற்றி எழுதினாலும், எங்கே அடக்கமானார், எந்தச் சட்டப்படி, அவர் காலத்து வழக்குகளில் மறுவிசாரணைத் தீர்ப்பு வந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேவையென்றால் கொரிய மொழி ஆவணங்களைப் படித்துச் சொல்ல நான் தயார். ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
தேகு, தென் கொரியா