அமெரிக்கப் புரட்சியின் வரிக் கதை தமிழில் நூலாக வர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பாஸ்டன் வட்டாரத்தில் வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும், அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு நூல் குழு அமைத்திருக்கிறோம். 1763 முதல் 1776 வரை பிரிட்டன் விதித்த வரிகள் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கிளர்ச்சிவரை கொண்டுபோன கதையை 160 பக்கங்களில் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். இனி படம், வரைபடம், அச்சு. அதற்குத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

எங்கள் பிள்ளைகள் இந்த வரலாற்றைப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்குத் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும்போது அவர்களால் அதைத் தமிழில் சொல்ல முடிவதில்லை. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் சில பக்கங்கள் கிடைக்கின்றன. அதைத் தாண்டி, பலர் மனத்தில் நிற்பது இவ்வளவுதான்: வரி தாங்க முடியாத அளவுக்கு ஏறியது, மக்கள் கொதித்துப்போய்த் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

நடந்தது அதுவல்ல. 1773இன் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது.

அந்தச் சட்டத்தின் வேர் நம் ஊர்ப்பக்கம் வரை வருகிறது. 1769இல் ஹைதர் அலி சென்னைக்கு வெகு அருகே வந்து கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். தெற்கிலிருந்து போன போர்ச் செய்திகளால் லண்டனில் கம்பெனிப் பங்குகளின் விலை சரிந்தது. மறு ஆண்டே வங்காளத்தில் கொடும் பஞ்சம். கம்பெனி கடனில் மூழ்கியபோது அதன் கிடங்குகளில் விற்காத தேயிலை ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டு எடை கிடந்தது. அத்தனையும் சீனத் தேயிலை. அதை நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்கலாம், இங்கிலாந்தில் கட்ட வேண்டிய தீர்வை கிடையாது என்று நாடாளுமன்றம் சலுகை கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு வசூலிக்கும் மூன்று பென்ஸ் வரியை மட்டும் விடவில்லை. அந்த வரியைச் சேர்த்தாலும், டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த தேயிலையைவிட மலிவாக விற்கலாம் என்பது கணக்கு.

சரி, மலிவாகக் கிடைப்பதை ஏன் கடலில் கொட்டினார்கள்? வாங்கிக் குடித்தால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றத்துக்குத் தங்கள்மீது வரி போடும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்றைக்கு மூன்று பென்ஸ் என்றால் நாளைக்கு எவ்வளவு என்று கேட்க அவர்களுக்கு வாய் இருக்காது. கம்பெனி தேர்ந்தெடுத்த சிலருக்கே விற்பனை என்பதால் வியாபாரிகளும் கொதித்தார்கள். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் உடைக்கப்பட்டுத் தண்ணீரில் விழுந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்பு பென்சில்வேனியாவின் வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன், வங்காளத்தில் இந்தக் கம்பெனியின் பேராசையால் ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்ததாகச் சொல்கிறார்கள் என்று எழுதி, அதே கம்பெனி இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எச்சரித்திருந்தார். வங்காளத்துப் பட்டினி பாஸ்டன் கோபத்துக்குள் வந்து சேர்ந்த இந்தப் பக்கத்தைத் தமிழில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதே எங்களை எழுத உட்கார வைத்தது.

வரியைக் குறைத்தபோது கோபம் ஏறியது அதுதான் முதல் முறை என்றும் சொல்ல முடியாது. பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கும் செலவு. 1764இன் சர்க்கரைச் சட்டம் மொலாசஸ் (சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கரும்பாகு) மீதான வரியைக் காலனுக்கு ஆறு பென்ஸிலிருந்து மூன்றாகக் குறைத்தது. ஆனால் அதுவரை யாரும் ஒழுங்காகக் கட்டாத வரியை இந்த முறை வசூலித்தே தீருவது என்று இறங்கினார்கள். வழக்கு வந்தால் ஜூரி இல்லாத நீதிமன்றம். அடுத்த ஆண்டு முத்திரைச் சட்டம்: செய்தித்தாள், பத்திரம், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டுவரை முத்திரை வேண்டும். வக்கீலையும் பத்திரிகை அச்சிடுபவரையும் மதுக்கடைக்காரரையும் ஒரே நேரத்தில் சீண்டிய சட்டம் அது. பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஆகஸ்ட் 14 அன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. ரத்தான அதே நாளில், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் வேறொரு சட்டம் போட்டது. சண்டை எதைப் பற்றியது என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

கண்ணாடி, காகிதம், தேயிலை போன்ற இறக்குமதிப் பொருள்கள்மீது 1767இல் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளும், 1770இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றதும் நூலில் உண்டு, இங்கே விரிக்கவில்லை. ஒரு அத்தியாயத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். 1780இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மாசசூசெட்ஸின் டார்ட்மவுத் ஊரில் பால் கஃபே, அவர் அண்ணன் ஜான் உள்ளிட்ட கறுப்பின ஆண்கள் சிலர் ஒரு மனு கொடுத்தார்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை, பிறகு எங்களிடம் வரி எப்படிக் கேட்கிறீர்கள் என்று. பிரிட்டனிடம் கேட்ட அதே கேள்வி கேட்டவர்களிடமே திரும்பி வந்தது. இதை விட்டுவிட்டுப் புரட்சியின் பெருமையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது செலவு. சென்னையில் 1,500 படிகள் அச்சிட 3,900 டாலர். ஓவியங்களுக்கும் பக்க வடிவமைப்புக்கும் 2,200. வரைபடங்களுக்கும் பழைய படங்களின் அனுமதிக்கும் 800. அனுப்பும் செலவு 1,500. மொத்தம் 8,400 டாலர். குழுவினர் நாங்கள் போட்டது 3,150. இன்னும் 5,250 டாலர் வேண்டும். எழுதியவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் ஒரு காசு வாங்கவில்லை. படிகளில் பாதி இங்குள்ள தமிழ் வகுப்புகளுக்குப் போகும், மீதி தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பள்ளி, பொது நூலகங்களுக்கு இலவசமாகப் போகும்.

எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். 1774இல் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டு மக்கள் வேலையிழந்தபோது, கனெக்டிகட்டிலிருந்து ஆட்டு மந்தையும் தெற்குக் கரோலைனாவிலிருந்து அரிசியும் வந்தன. ஊர் ஒரு நன்கொடைக் குழு அமைத்து, வந்ததைக் குறித்துவைத்து, அனுப்பியவர்களுக்குக் கடிதம் எழுதியது. உதவியைச் சும்மா கொடுக்காமல் தெருவுக்குக் கல் பாவுவது, செங்கல் அறுப்பது என்று வேலையாகவும் கொடுத்தது. நாங்களும் வரவு செலவை முழுமையாக எழுதி, நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். பெயர் வேண்டாம் என்பவர் பெயரைப் போட மாட்டோம்.

இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்த குழு உறுப்பினரிடமே பணமாகவோ காசோலையாகவோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 25 டாலரும் அதற்கு மேலும் தருவோர் ஒரு நூலகத்தின் பெயரைச் சொன்னால், உங்கள் சார்பில் அங்கே ஐந்து படிகள் அனுப்புவோம். நீங்கள் படித்த பள்ளியின் நூலகமாக இருந்தால் இன்னும் நல்லது, முகவரியைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

நன்றியுடன்,
நூல் குழுவினர்