கடைசி அத்தியாயத்துக் குழந்தை

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாவலின் கைப்பிரதியை முழுக்கப் படித்தாயிற்று. பேச்சு வழக்கு நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்காதே. சிக்கல் முடிவில்தான். பதினேழு அத்தியாயம் 'பிள்ளையில்லாதவள்' என்ற ஊர்வாய்க்கு அசையாதவள் பதினெட்டாவதில் வாந்தியெடுக்கிறாள், மாமியார் மனம் மாறுகிறாள், சுபம். பிள்ளை வந்தது, மதிப்பும் வந்தது. ஊர் சொன்னதற்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கணக்கு. நாள் தள்ளிப்போன மறுநாளே குமட்டாது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் தொடங்கும். நாடி பிடித்துச் சொல்லும் பாட்டியும் வேண்டாம். கதை நடப்பது 2022-இல், கர்ப்பப் பரிசோதனை அட்டை விற்கும் மருந்துக்கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது.

அடுத்தது கணவன். மூன்று வருடமாக அவளை மட்டுமே ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறார்கள். விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் வரம்பு (அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை). வீட்டார் அவனை அனுப்பாதது உண்மையில் நடப்பதுதான். யார் என்ன சாக்குச் சொன்னார்கள் என்று எழுது. கதைசொல்லியும் அதைக் கவனிக்காமல் நகர்வதுதான் கோளாறு. 'மலடி' என்ற சொல் பாத்திரங்களின் வாயில் வரட்டும். கதைசொல்லியின் வாக்கியங்களில் நான்கு இடத்தில் இருக்கிறது, எடுத்துவிடு. 'மலடன்' என்றொரு சொல்லும் தமிழில் உண்டு. தெருவில் அதை யார் சொல்லிக் கேட்டாய்?

நைஜீரிய எழுத்தாளர் ஃப்ளோரா ந்வாபாவின் 'எஃபுரு' (1966) கிடைத்தால் படி. எஃபுரு கைராசிக்கார வியாபாரி, ஊருக்குக் கடன் கொடுப்பவள். ஒரே மகள் இறந்துபோகிறாள், இரண்டு கணவர்களும் நிலைக்கவில்லை. ஏரித் தெய்வம் உஹாமிரி அவளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தெய்வத்துக்கும் பிள்ளை இல்லை, பிறகு ஏன் பெண்கள் அதைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் நின்றுவிடும். புச்சி எமெச்சேட்டா தன் 1979 நாவலுக்கான தலைப்பை, 'தாய்மையின் ஆனந்தங்கள்' என்பதை, அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் எடுத்தார். அவருடைய நாயகி ந்னு ஈகோவை முதல் கணவன் பிள்ளை இல்லையென்று ஒதுக்குகிறான். பிறகு ஏழு பிள்ளைகளை வளர்க்கிறாள். மூத்த மகன் அமெரிக்காவில், இன்னொருவன் கனடாவில் இருக்க, இவள் வழியோரத்தில் தனியே செத்துப்போகிறாள். பிள்ளைகள் கூடி அமர்க்களமாகச் சடங்கு செய்து கோயிலும் கட்டுகிறார்கள். பிள்ளைவரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வரமே கொடுப்பதில்லை! ஒரே சமூகத்தை வைத்து இரண்டு பேர் எழுதியது. இல்லாதவளும் தோற்கவில்லை, பெற்றவளும் ஜெயிக்கவில்லை.

நம் பக்கத்தில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) உனக்கே தெரியும். காளியும் பொன்னாவும் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கிறவர்கள். அப்படியிருந்தும் பிள்ளையில்லை என்ற ஒன்று அவர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் முடிவைத் திறந்தே விட்டு, பிறகு இரண்டு வேறு வழிகளில் இரண்டு நாவல்களாக அவர் தொடர்ந்தார். முடிவு ஒன்றுதான் இருக்க முடியும் என்று உனக்கு யார் சொன்னது?

வளைகாப்புக் காட்சியில் "அவள் மனம் உடைந்தாள்" என்பதை அடித்துவிடு. வளையல் தட்டு கைமாறி வருகிறது, அவள் முறை வரும்போது யார் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள் என்பது போதும்.

பதினோராம் அத்தியாயத்தில் அவள் சீட்டுப் பிடிக்கிறாளே, 20 பேர், மாதம் 5,000, 20 மாதம். மாதாமாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு அவள் கை வழியாகப் போகிறது. யாருக்கு அவசரம், யார் எவ்வளவு தள்ளி (தொகையில் விட்டுக்கொடுத்து) எடுக்கிறார்கள், யார் தவணைக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்று தெருவின் ரகசியமெல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. மாமியாரும் ஒரு சீட்டு போட்டிருக்கிறாள். இவ்வளவையும் கட்டிவைத்துவிட்டு, பதின்மூன்றோடு அந்த நோட்டை நீயே மறந்துவிட்டாய். இருபதாவது மாதம், தள்ளு இல்லாத அந்தக் கடைசிச் சீட்டை யார் எடுத்தார்கள்? கடைசி அத்தியாயத்தை அங்கிருந்து எழுதிப் பார்.

அன்புடன்,
அக்கா