ஆஸ்கருக்குத் துணை தேடும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஆஸ்கர் மீன், துணைக்கு நீ விட்ட தங்கமீனின் வாலைப் பாதிக்கு மேல் கடித்துக் கிழித்திருக்கிறது. முதல் வேலையாகத் தங்கமீனை எடுத்துத் தனித் தொட்டியில் விடு. வால் சதையோடு சேரும் இடம் கடிபடாமல் இருந்தால், சுத்தமான தண்ணீரில் மறுபடி வளர்ந்துவிடும். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்று, போதும்.

ஆஸ்கர் மேல் கோபப்படாதே. அது அமேசான் பக்கத்து மீன். எதையும் வாயால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். வாய்க்குள் அடங்கினால் விழுங்கும், அடங்காவிட்டால் ஒரு கடி கடித்துப் பார்க்கும். அகன்ற வால் ஒன்று கண்ணெதிரே மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தால் சும்மா விடுமா? அதன் வாலடியில் ஆரஞ்சு வளையம் போட்ட கரும்புள்ளி இருக்கிறதே, கவனித்தாயா? எதிரிக்கு வால் எது, தலை எது என்று குழப்பி, பிரானா மாதிரி கூர்ப்பல் மீன்கள் வாலைக் கடிக்காமல் காக்கத்தான் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடிபட்டுப் பிழைக்கும் ஊரிலிருந்து வந்த மீனம்மா அது.

தங்கமீன் எப்படியும் ஆஸ்கருக்குச் சரிப்பட்டு வராது. தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஆஸ்கருக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். தீனிக்கு என்று சின்னத் தங்கமீன்களைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள், அதையும் வாங்காதே. வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி அவற்றின் உடம்பில் இருக்கிறது. ஏஞ்சல், டெட்ரா, கப்பி மாதிரி சின்ன மீன்கள் எல்லாம் பேச்சுக்கே வேண்டாம்.

'தனியாக இருக்கிறதே, பாவம்' என்று எழுதியிருந்தாய். ஆஸ்கர் கூட்டம் இல்லாமல் வாழ முடியாத மீன் இல்லை. உன் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினாலும் 255 லிட்டர்தான். ஆஸ்கரோ ஓரடி வளரும். இந்தத் தொட்டி அது ஒன்றுக்கே சரி. தீனி போடுகிற ஆளைத் தெரிந்துகொண்டு கண்ணாடி ஓரம் வந்து நிற்கும் மீன் அது. நீ ஆபீஸ் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் அதன் எதிரே உட்கார், அதுவே போதும்.

இல்லை, ஆறடித் தொட்டி வாங்கியே தீருவேன் என்றால் சரி. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மேல்மாடி வாடகை வீட்டில் வைக்கும் முன் வீட்டுக்காரரைக் கேட்டுவிடு.

அந்தத் தொட்டிக்கு நான் சொல்வது சில்வர் டாலர். பிரானாவின் சொந்தக்கார மீன்தான், ஆனால் இலைதழை தின்னும் சாது. உடம்பு தட்டுப்போல வட்டமாக, உயரமாக இருப்பதால் ஆஸ்கரின் வாய்க்குள் அடங்காது. துரத்தினால் சட்டென்று விலகிவிடும். வளர்ந்தால் ஆறு அங்குலம் வரும். ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து மூலையில் ஒதுங்கும், ஆறாக வாங்கு. ஆறு இருந்தால் ஆஸ்கரின் கோபம் ஒரே மீன் மேல் போகாது. உன் ஆஸ்கர் இப்போது எட்டு அங்குலம் இருக்கும், அதனால் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சு வேண்டாம். மிரண்டால் துள்ளிக் குதிக்கும், மூடி கட்டாயம். தொட்டியில் செடி வைத்தால் ஒரு இலை மிஞ்சாது.

கடையில் கிடைக்கும் மற்ற மீன்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. செவரம் பரவாயில்லை, எட்டு அங்குலம் வரும், பொறுமையான மீன். டின்ஃபாயில் பார்ப் ஓரடிக்கு வளர்ந்து கூட்டமாக ஓடும், ஆறடியும் அதற்குப் பற்றாது. ஃபிளவர்ஹார்ன் கூடவே கூடாது, இரண்டில் ஒன்று செத்தால்தான் சண்டை நிற்கும். 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டருக்கு மேல் போகும். ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஆஸ்கரையே விழுங்கிவிடும். டேங்க் கிளீனர், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஓரடி தாண்டி வளர்ந்து, ராத்திரியில் ஆஸ்கரின் உடம்பை உரசி வழவழப்பைச் சுரண்டும். யாரோ வளர்த்துச் சலித்து ஏரியில் கொட்டிய சக்கர்தான் இன்று சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. எந்த மீனையும் அப்படிக் கொண்டுபோய் விட்டுவிடாதே.

புது மீனை வாங்கிய கையோடு சேர்க்காதே, மூன்று வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா பார். சேர்க்கும் அன்று கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வை, 'இது என் மூலை' என்ற நினைப்பு ஆஸ்கருக்குக் கலையும். அதற்கு வயிறாரத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஆறு மீன்களையும் ஒரே நேரத்தில் விடு. செவுளை விரித்து, பக்கவாட்டில் வாலை அடித்துக் காட்டினால் அது மிரட்டல்தான், பார்த்துக்கொண்டிரு. ஒரே மீனை விடாமல் துரத்தினாலோ, ஏதாவது ஒன்று மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு தீனிக்கு வராமல் நின்றாலோ அன்றே பிரித்துவிடு.

ஆஸ்கர் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் ஆன்டிகுளோர் ஊற்று. இங்கே சென்னைக் கொளத்தூரில் ஹீட்டர் இல்லாமல் சமாளிக்கிறோம், புனேயில் டிசம்பர் ராத்திரிக் குளிருக்கு அது முடியாது. ஆஸ்கர் மோதிக் கண்ணாடி ஹீட்டரை உடைத்துவிடும், அதனால் பிளாஸ்டிக் கூண்டு போட்டதாகப் பார்த்து வாங்கு. தொட்டியில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடு.

கடைக்குப் போனால் வீடியோ காலில் கூப்பிடு, மீனைப் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் இங்கே கூட்டமாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா